ஒரே துண்டு மேப்பிள் நெக்: எங்கே கைகொடுக்கும், எங்கே செலவு வைக்கும்

எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கப் போகிறவர்கள் முதலில் குழம்பும் இடம் அதன் நெக். ஒரு மாடலின் விவரத்தில் "மேப்பிள் நெக்" என்று போட்டிருக்கும் (மேப்பிள் என்பது ஒரு மர வகை). அடுத்ததில் "மேப்பிள் ஃபிரெட்போர்டு" என்று இருக்கும். மூன்றாவதில் "ஒன் பீஸ் மேப்பிள்" என்று எழுதி விலையும் கூட்டியிருப்பார்கள். மூன்றும் ஒன்றுதான் என்று நினைத்து வாங்கினால், சில வருடங்கள் கழித்து ஃபிரெட் மாற்ற எடுத்துப் போகும்போதுதான் வித்தியாசம் தெரியவரும். ஒரே துண்டில் நெக் செய்வது ஒரு தயாரிப்பு முறை. அதன் பலனும் பாதிப்பும் கிட்டாரின் சத்தத்தைவிட அதன் ஆயுளிலும் பராமரிப்பிலும்தான் அதிகம் தெரியும். இதை மனதில் வைத்துக்கொண்டு அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

பெயர்களைப் பிரித்துக்கொள்வோம்

நெக் என்பது இடது கை பற்றியிருக்கும் கழுத்துப் பகுதி. அதன் முன்பக்கம், ஸ்ட்ரிங்குகளுக்கு நேர் கீழே, விரல் அழுத்தும் தளம் ஃபிரெட்போர்டு. அதில் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கட்டைகள் ஃபிரெட்டுகள். நெக்கின் உள்ளே நீளவாக்கில் ஓர் இரும்புக் கம்பி ஓடுகிறது; அதுதான் டிரஸ் ராட். ஸ்ட்ரிங்குகளின் இழுப்புக்கு எதிராக நெக்கை நிமிர்த்திப் பிடிப்பது அதன் வேலை.

இந்த நெக்கை நான்கு விதமாகச் செய்கிறார்கள்.

1. ஒரே துண்டு மேப்பிள். ஒரு பலகையிலிருந்து நெக் முழுவதையும் அறுத்தெடுத்து, அதன் முன்பக்கத்தையே வளைவாக இழைத்து ஃபிரெட்டுகளைப் பதிப்பார்கள். தனி ஃபிரெட்போர்டு கிடையாது. ஒரே மரத்தில் குடைந்து செய்யும் ஏகாந்த வீணையைப் போல, இதிலும் நெக்குக்கும் ஃபிரெட்போர்டுக்கும் நடுவே ஒட்டு இல்லை.

2. மேப்பிள் மேல் மேப்பிள். நெக்கும் மேப்பிள், ஃபிரெட்போர்டும் மேப்பிள். ஆனால் தனித்தனியாக அறுத்து ஒட்டியவை. தூரத்திலிருந்து பார்த்தால் முதல் வகை மாதிரியே இருக்கும்.

3. மேப்பிள் மேல் வேறு மரம். நெக் மேப்பிள், ஃபிரெட்போர்டு ரோஸ்வுட் அல்லது கருங்காலி. விவரப் பட்டியலில் வெறுமனே "மேப்பிள் நெக்" என்று இருந்தால் பெரும்பாலும் இதைத்தான் சொல்கிறார்கள்.

4. அடுக்கு நெக். மூன்று அல்லது ஐந்து மரப் பட்டைகளை நீளவாக்கில் ஒட்டி, அதன் மேல் தனியாக ஃபிரெட்போர்டு வைப்பார்கள்.

முதல் இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பலரும் நெக்கின் பின்பக்கம் ஓடும் கருத்த வால்நட் பட்டையைத் தேடுகிறார்கள். அது போதாது. ரோஸ்வுட் ஃபிரெட்போர்டு வைத்த நெக்குகளிலும் இன்று பின்பக்கப் பட்டை வருகிறது. நெக்கின் பக்கவாட்டைத்தான் பார்க்க வேண்டும். மரத்தின் ரேகைகள் பின்பக்கத்திலிருந்து முன்பக்கம் வரை அறுபடாமல் ஓடுகின்றனவா, அல்லது ஃபிரெட்டுகளுக்குச் சில மில்லிமீட்டர் கீழே நேரான ஒட்டுக்கோடு ஒன்று குறுக்கிடுகிறதா? நட்டுக்கு (நெக்கின் மேல்முனையில் ஸ்ட்ரிங்குகள் பதிந்து செல்லும் சிறு பட்டை) பக்கத்திலும், பாடியோடு சேரும் முனையிலும் அந்தக் கோடு நன்றாகத் தெரியும்.

இந்த முறை எப்படி வந்தது

கலிபோர்னியாவின் ஃபுல்லர்டனில் ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தவர் லியோ ஃபெண்டர். அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. எளிதில் செய்யக்கூடிய, எளிதில் பிரித்துப் பழுதுபார்க்கக்கூடிய ஒரு பொருளாகத்தான் கிட்டாரை அவர் பார்த்தார். அன்றைக்குப் பெயர்பெற்ற கிட்டார்களில் நெக்கைப் பாடியோடு பசை போட்டு இணைப்பார்கள். நெக் ஒரு மரம், ஃபிரெட்போர்டு இன்னொரு மரம். ஃபெண்டர் இதை மாற்றினார். கடினமான மேப்பிள் பலகையில் நெக்கை ஒரே துண்டாக அறுத்து, பாடியோடு நான்கு ஸ்க்ரூ போட்டு முடுக்கினார். நெக் கெட்டால் கழற்றிவிட்டு வேறு மாட்டிக்கொள்ளலாம் என்பது அவர் கணக்கு. 1950-இல் எஸ்கொயர், பிராட்காஸ்டர் என்ற பெயர்களில் அவை வந்தன. பிராட்காஸ்டர் என்ற பெயருக்கு கிரெட்ச் நிறுவனம் ஆட்சேபம் தெரிவிக்க, 1951-இல் அது டெலிகாஸ்டர் ஆனது. 1954-இல் வந்த ஸ்ட்ராடோகாஸ்டருக்கும் இதே நெக்தான்.

முதலில் வந்த எஸ்கொயர் கிட்டார்களில் டிரஸ் ராட் இல்லை. மேப்பிளின் கடினமே போதும் என்று ஃபெண்டர் நம்பினார். போதவில்லை. அதே 1950-இன் பிற்பகுதியில் டிரஸ் ராட் சேர்க்கப்பட்டது. இங்கேதான் ஒரே துண்டு முறையின் அடிப்படைச் சிக்கல் வருகிறது. மற்ற நெக்குகளில் முன்பக்கம் பள்ளம் வெட்டி, ராடை வைத்து, மேலே ஃபிரெட்போர்டை ஒட்டிவிட்டால் எல்லாம் மறைந்துவிடும். தனி ஃபிரெட்போர்டே இல்லாத நெக்கில் ராடை எந்த வழியாக உள்ளே வைப்பது? பின்பக்கம் பள்ளம் வெட்டி ராடை வைத்து, வால்நட் பட்டையால் அடைத்தார்கள். பலரும் அழகு என்று நினைக்கும் அந்தக் கருத்த கோடு உண்மையில் ஓர் அடைப்பு.

1958-இல் ஜாஸ்மாஸ்டர் மாடலோடு ஃபெண்டர் ரோஸ்வுட் ஃபிரெட்போர்டுக்குப் போனார். 1959-இல் மற்ற மாடல்களும் மாறின. மேப்பிளின் மேல் அடித்த லாக்கர் என்னும் மெருகுப் பூச்சு தேய்ந்து, விரல் படும் இடமெல்லாம் கருத்து அழுக்காகத் தெரிந்தது அவருக்குப் பிடிக்கவில்லை என்று சொல்லப்படுகிறது. 1960-களின் பிற்பகுதியில் மேப்பிள் கேட்டவர்களுக்கு, ஒட்டிய மேப்பிள் ஃபிரெட்போர்டு கொடுத்தார்கள். அதாவது மேலே சொன்ன இரண்டாவது வகை. கிட்டார் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் 1969-இல் வுட்ஸ்டாக் இசை விழாவில் வாசித்த வெள்ளை ஸ்ட்ராடோகாஸ்டரின் நெக் அந்த வகைதான். அசல் ஒரே துண்டு நெக் 1970-ஐ ஒட்டித்தான் திரும்பி வந்தது.

மரத்துக்குள் என்ன நடக்கிறது

10-இல் தொடங்கும் (மிக மெல்லிய ஸ்ட்ரிங்கின் தடிமன் 0.010 அங்குலம்) வழக்கமான ஸ்ட்ரிங் செட்டை, ஃபெண்டரின் 25.5 அங்குல ஸ்ட்ரிங் நீளத்தில் சுருதி சேர்த்தால், ஆறு ஸ்ட்ரிங்கும் சேர்ந்து ஏறத்தாழ 45 கிலோ எடைக்குச் சமமாக நெக்கை இழுக்கின்றன. அந்த இழுப்பு இரவு பகலாக, வருடக்கணக்கில் தொடர்கிறது. ஆகவே நெக் மரத்துக்கு விறைப்பு வேண்டும்.

அமெரிக்கச் சுகர் மேப்பிளுக்கு அது உண்டு. மரத்தின் கடினத்தை அளக்கும் ஜாங்கா அளவில் அது சுமார் 1450 பவுண்டு. கிப்சன் நிறுவனத்தின் கிட்டார்களில் வரும் மஹோகனிக்கு 900-ஐ ஒட்டித்தான். விறைப்பிலும் மேப்பிள் மஹோகனியைவிட ஏறக்குறைய கால் பங்கு அதிகம். ஆனால் இந்தியாவின் ரோஸ்வுட்டான ஈட்டி மரம் கடினத்தில் மேப்பிளையும் தாண்டி 2400 பவுண்டு வரை போகும். விரல் படும் தளத்துக்கு ஈட்டியை உலகமே தேடியதற்கு இது ஒரு காரணம். இன்னொரு காரணம், அதில் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை இருப்பதால் மேலே லாக்கர் பூசத் தேவையில்லை.

மேப்பிளின் பலவீனம் ஈரம். பச்சை மரம் முழுவதும் உலரும்போது, சுகர் மேப்பிள் அதன் வளர்ச்சி வளையங்களை ஒட்டிய திசையில் ஏறக்குறைய 10 சதவீதம் சுருங்கும். வளையங்களுக்குக் குறுக்கான திசையில் 5 சதவீதம்தான். ஈட்டிக்கு இந்த இரண்டு எண்களும் 6, 3 என்ற அளவில் இருக்கும். செய்து முடித்த நெக்கில் இவ்வளவு மாற்றம் வராது என்றாலும், காற்றின் ஈரப்பதம் கூடிக் குறையும்போது மேப்பிள் அதிகம் அசையும் மரம் என்பது இதிலிருந்து தெரிகிறது. பலகையை எந்தத் திசையில் அறுத்தார்கள் என்பதும் இதனால்தான் முக்கியமாகிறது. வளையங்கள் ஃபிரெட்போர்டுக்கு இணையாகப் படுத்திருந்தால் நெக்கின் அகலம் அதிகம் மாறும். செங்குத்தாக நின்றால் குறைவாக மாறும்; ஆனால் அப்படி அறுக்க மரம் அதிகம் வீணாகும், விலையும் கூடும். ஃபெண்டர் நெக்குகளில் பெரும்பாலானவை படுத்த வளையம் கொண்டவை.

சாதகங்கள்

1. இரு மரங்களின் இழுபறி இல்லை. இஸ்திரிப் பெட்டியின் தெர்மோஸ்டாட்டில் இரண்டு உலோகங்களை ஒட்டிய பட்டை ஒன்று இருக்கும். சூடேறும்போது ஒன்று அதிகம் நீள, மற்றது குறைவாக நீள, பட்டை வளையும். மேப்பிளில் ரோஸ்வுட்டை ஒட்டிய நெக்கிலும், ஈரம் மாறும்போது சின்ன அளவில் இதுவே நடக்கும். மரம் நீளவாக்கில் மிகக் குறைவாகவே நீண்டு சுருங்கும் என்றாலும், இரண்டு அடுக்குகளுக்கு இடையில் கொஞ்சம் வித்தியாசம் வந்தால்கூட நீளமான நெக்கில் அது வளைவாகத் தெரிந்துவிடும். ஒரே துண்டில் இந்த இழுபறிக்கு வேலையே இல்லை.

2. ஒட்டு பிரியும் பயமில்லை. வெயிலில் நிறுத்திய காருக்குள் கிட்டாரை விட்டால் பசை இளகி ஃபிரெட்போர்டு ஓரத்தில் எழும்புவது நடக்கக்கூடியது. இதில் எழும்ப ஒன்றுமில்லை.

3. விரலுக்கு வழுவழுப்பான தளம். லாக்கர் பூசிய மேப்பிளில் மரத்தின் நுண்துளைகள் விரலுக்குத் தட்டுப்படாது. ஸ்ட்ரிங்கை வளைத்து வாசிப்பவர்கள் பலர் இதற்காகவே மேப்பிளைத் தேடி வாங்குகிறார்கள். இந்தச் சாதகம் ஒட்டிய மேப்பிள் ஃபிரெட்போர்டிலும் அப்படியே கிடைக்கும் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

4. ஹெட்ஸ்டாக் உறுதி. ஹெட்ஸ்டாக் என்பது ஸ்ட்ரிங்குகளை முறுக்கும் திருகாணிகள் உள்ள, நெக்கின் தலைப்பகுதி. ஃபெண்டர் நெக்கில் அது பின்னால் சாயாமல், நெக்கின் போக்கிலேயே இருக்கும். மரத்தின் நார்கள் அறுபடாமல் கடைசி வரை ஓடும். மஹோகனியில், ஹெட்ஸ்டாக் 17 டிகிரி பின்னால் சாயும்படி, ஒரே துண்டில் அறுக்கும் நெக்கில் அந்தச் சாயும் இடத்தில் நார்கள் குட்டையாக அறுபட்டு நிற்பதால், கிட்டார் கீழே விழுந்தால் கழுத்து ஒடிவது சகஜம். இங்கே காப்பாற்றுவது ஒரே துண்டு என்பது அல்ல; நேரான ஹெட்ஸ்டாக்கும் மேப்பிளின் பலமும்தான்.

பாதகங்கள்

சாதகங்களைவிட இவற்றைத்தான் கடைகளில் யாரும் சொல்வதில்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

முதலாவது, ஃபிரெட் மாற்றுவது. தினமும் வாசித்தால் ஃபிரெட்டுகள் தேயும். ஒரு கட்டத்தில் புதிதாக மாற்ற வேண்டிவரும். ரோஸ்வுட்டில் பழைய ஃபிரெட்டைச் சூடாக்கி மெதுவாகக் கிளப்பி, தளத்தை லேசாகத் தேய்த்து, புதியதை இறக்கிவிடலாம். மேப்பிளில் லாக்கர் ஃபிரெட்டின் ஓரம் வரை, பல கிட்டார்களில் ஃபிரெட்டின் மேலேயே, பூசப்பட்டிருக்கும். கிளப்பும்போது லாக்கர் செதிள் செதிளாகப் பெயரும். தளத்தைத் தேய்த்து நேராக்க வேண்டியிருந்தால் லாக்கர் முழுவதும் போய்விடும். அப்புறம் புதிதாகப் பூசி, காய வைத்து, பாலிஷ் போட வேண்டும். ஒரே வேலைக்கு இரண்டு வேலையின் கூலியும் நாட்களும் ஆகின்றன. பழைய ஃபெண்டர்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. அந்தக் காலத்தில் ஃபிரெட்டுகளை மேலிருந்து அடித்து இறக்காமல், பக்கவாட்டிலிருந்து தள்ளிச் செருகினார்கள். அது தெரியாமல் மேல்நோக்கி இழுத்தால் ஃபிரெட்டின் அடியில் உள்ள சிறு முனைகள் மரத்தையும் பிய்த்துக்கொண்டு வரும். வந்த வழியிலேயே பக்கவாட்டில் தட்டித்தான் எடுக்க வேண்டும்.

இரண்டாவது, ஃபிரெட்போர்டை மட்டும் மாற்ற முடியாது. எனக்கு இதுதான் மிகப் பெரிய பாதகமாகத் தெரிகிறது. ஒட்டிய போர்டு பள்ளம் விழுந்தோ விரிசல் விட்டோ போனால் சூடாக்கிக் கழற்றிவிட்டு வேறு ஒட்டலாம். ஒரே துண்டில் போர்டும் நெக்கும் ஒன்று. ஒவ்வொரு முறை தேய்த்து நேராக்கும்போதும் நெக்கின் தடிமனே குறைகிறது. சில தடவைக்கு மேல் தாங்காது.

மூன்றாவது, டிரஸ் ராட் உடைந்தால். பின்பக்கப் பட்டையைக் குடைந்து எடுத்து, ராடை மாற்றி, புதிய பட்டை ஒட்டி, பின்பக்கம் முழுவதையும் மறுபடி பூச வேண்டும். சாதாரண கிட்டாருக்கு இந்தச் செலவு கட்டுப்படியாகாது; புதிய நெக் வாங்கிப் போடுவதே மலிவு.

நான்காவது, முறுக்கு. முன்பின்னாக வளைந்தால் டிரஸ் ராடைத் திருகிச் சரிசெய்யலாம். ஆனால் நெக் துணி பிழிவதைப் போல முறுக்கிக்கொண்டால் சாதாரண டிரஸ் ராடால் ஒன்றும் செய்ய முடியாது. அடுக்கு நெக்கில் பட்டைகளின் ரேகைகளை எதிரெதிராக வைத்து ஒட்டுவதால், ஒன்று திரும்பப் பார்த்தால் மற்றது தடுக்கும். ஒரே துண்டில் தடுக்க யாருமில்லை. அந்தப் பலகை எந்தப் பக்கம் போக நினைக்கிறதோ, நெக்கும் அந்தப் பக்கம் போகும். அதனால்தான் நேரான ரேகை கொண்ட, நன்கு உலர்ந்த பலகை இந்த வகைக்கு மற்ற எதையும்விட அவசியம்.

ஐந்தாவது, தேய்மானம் கண்ணில் படும். லாக்கர் போன இடத்தில் வியர்வையும் அழுக்கும் இறங்கி மேப்பிள் சாம்பல் நிறமாகும். கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டனின் "பிளாக்கி" கிட்டாரின் மேப்பிள் நெக் அப்படித் தேய்ந்ததுதான். 2004-இல் அந்தக் கிட்டார் 9,59,500 டாலருக்கு ஏலம் போனது. சிலருக்கு அந்தத் தேய்மானம் அழகு. ஆனால் மரம் ஈரத்தை நேரடியாக உறிஞ்சத் தொடங்கிவிட்டது என்பதற்கும் அதுவே அடையாளம்.

சத்தம் மாறுமா?

மேப்பிள் என்றால் கூர்மையான சத்தம், ரோஸ்வுட் என்றால் இதமான சத்தம் என்று சொல்வது வழக்கம். எலெக்ட்ரிக் கிட்டாரில் பிக்கப் (ஸ்ட்ரிங்குகளுக்குக் கீழே உள்ள காந்தச் சுருள்) உணர்வது உலோக ஸ்ட்ரிங்கின் அசைவை. மரத்தின் சத்தத்தை அது நேரடியாக எடுப்பதில்லை. நெக் செய்யக்கூடியது ஒன்றுதான்: ஸ்ட்ரிங்கின் அதிர்வில் ஒரு பங்கைத் தான் வாங்கிக்கொள்வது. நெக்கின் சொந்த அதிர்வெண்ணும் வாசிக்கும் சுரத்தின் அதிர்வெண்ணும் ஒத்துப்போகும் இடங்களில் அந்தச் சுரம் சீக்கிரம் அடங்கிவிடும். அவற்றை "டெட் ஸ்பாட்" என்பார்கள். ஃபெண்டர் பேஸ் கிட்டார்களில் ஜி ஸ்ட்ரிங்கின் ஐந்தாவது ஃபிரெட்டிலிருந்து ஏழாவது வரை உள்ள பகுதி இதற்குப் பேர்போனது. ஜெர்மனியில் ஆய்வாளர் ஹெல்முட் ஃபிளைஷர் 1990-களில் இந்த உறவை அளந்து காட்டினார்.

இந்த டெட் ஸ்பாட் எங்கே விழும் என்பதை நெக்கின் விறைப்பு, எடை, ஹெட்ஸ்டாக்கின் கனம் எல்லாம் சேர்ந்து முடிவு செய்கின்றன. ஒரே துண்டா, ஒட்டியதா என்பது அதில் மிகச் சிறிய பங்கு. ஒரே மாடலில் அடுத்தடுத்து வந்த இரண்டு நெக்குகளுக்குள்ளேயே வேறுபாடு இருக்கும். அதனால் "ஒட்டு இல்லாததால் சத்தம் தடையின்றி ஓடுகிறது" என்ற விளம்பர வரிக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம் என்றே சொல்வேன். பிக்கப், ஆம்ப் (ஒலிபெருக்கி), ஸ்ட்ரிங் இவற்றை மாற்றினால் வரும் வித்தியாசத்துக்குப் பக்கத்தில்கூட அது வராது.

நம் ஊர்க் காற்றில்

சென்னை மாதிரிக் கடலோர ஊர்களில் காற்றில் ஈரம் எப்போதும் அதிகம். வெறும் மேப்பிள் இங்கே சீக்கிரம் அழுக்காகும். ஆகவே லாக்கர் நல்ல நிலையில் இருப்பது முக்கியம். மறுபக்கம், தடித்துப் பளபளக்கும் லாக்கர் வியர்த்த கையில் ஒட்டும். பின்பக்கம் மட்டும் மங்கலான சாட்டின் பூச்சு உள்ள நெக் இந்தத் தொல்லையைக் குறைக்கும்.

நிலையான ஈரத்தைவிட மாறிக்கொண்டே இருக்கும் ஈரம்தான் நெக்கை அதிகம் படுத்தும். இரவெல்லாம் ஏசி ஓடும் அறையில் கிட்டாரை வெளியே தொங்கவிட்டு, பகலில் ஜன்னலைத் திறந்து வைத்தால் மரம் தினமும் சுருங்கி விரிகிறது. மரம் சுருங்கும்போது உலோக ஃபிரெட் சுருங்காது. ஓரங்கள் வெளியே நீட்டி விரலைக் கீறும். பெட்டிக்குள் வைத்துப் பழகினாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். டிரஸ் ராடைத் திருக வேண்டியிருந்தால் ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம்.

இப்போது மேப்பிள் ஏன் அதிகம் வருகிறது

ரோஸ்வுட்டுக்கு வந்த கெடுபிடி இதில் ஒரு பங்கு. அழியும் அபாயத்திலுள்ள உயிரினங்களின் வணிகத்தை ஒழுங்குபடுத்தும் சைட்ஸ் ஒப்பந்தத்தின் கீழ், ரோஸ்வுட் பேரினம் முழுவதும் 2017 ஜனவரி 2 முதல் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டியும் அந்தப் பேரினம்தான். எல்லை கடக்கும் ஒவ்வொரு கிட்டாருக்கும் காகித வேலை கூடியது. செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019 நவம்பர் இறுதியில் விலக்கு கிடைத்தது. அதற்குள் பல நிறுவனங்கள் வேறு மரங்களைப் பழகிவிட்டன.

இன்னொரு பக்கம் "ரோஸ்டட் மேப்பிள்" வந்தது. ஆக்சிஜன் குறைந்த உலையில் 160 டிகிரிக்கு மேல் மேப்பிளைச் சூடாக்கினால், ஈரத்தை ஈர்க்கும் பொருட்கள் சிதைந்து, மரம் பழுப்பு நிறமாகி, பிற்பாடு ஈரம் வாங்குவது வெகுவாகக் குறைகிறது. தடித்த லாக்கர் இல்லாமல், எண்ணெயோ மெழுகோ தடவியே விட்டுவிடலாம். மேலே சொன்ன லாக்கர் தொல்லையில் பெரும்பகுதி இதில் போய்விடுகிறது. பதிலுக்கு மரம் கொஞ்சம் நொறுங்கும் தன்மை பெறுகிறது. ஃபிரெட் மாற்றுபவர் கவனமாக இருந்தாக வேண்டும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

1. பக்கவாட்டில் ஒட்டுக்கோடு இருக்கிறதா என்று பாருங்கள். "ஒன் பீஸ்" என்று சொல்லி விலை கூட்டியிருந்தால் இது அவசியம்.

2. ரேகைகள் நீளவாக்கில் நேராக ஓடுகின்றனவா என்று கவனியுங்கள். புலிவரி போல மின்னும் அலங்கார மேப்பிள் பார்க்க அழகு; ஆனால் ஒரே துண்டு நெக்குக்கு நேரான ரேகைதான் நம்பகமானது.

3. பழைய கிட்டார் என்றால் ஃபிரெட் எத்தனை தடவை மாற்றியது என்று கேளுங்கள். உங்கள் ஊரில் மேப்பிளுக்கு ஃபிரெட் மாற்றவும் லாக்கர் பூசவும் என்ன ஆகும் என்பதையும் வாங்கும் முன்னாலேயே விசாரித்துவிடுங்கள்.

4. டிரஸ் ராட் இரண்டு பக்கமும் கொஞ்சமாவது திரும்ப வேண்டும். முழுக்க முடுக்கிய நிலையிலும் நெக் முன்னால் வளைந்திருந்தால், ராடுக்கு இனிமேல் போக இடமில்லை.

5. ஹெட்ஸ்டாக் பக்கம் கண்ணை வைத்து, நெக்கின் நீளத்தில் பாடியை நோக்கிப் பாருங்கள். முதல் ஃபிரெட்டும் கடைசி ஃபிரெட்டும் இணையாகத் தெரிய வேண்டும். ஒன்று சாய்ந்து தெரிந்தால் நெக் முறுக்கிவிட்டது. பாடியும் பிக்கப்பும் மனதுக்குப் பிடித்திருந்தால், நான்கு ஸ்க்ரூவைக் கழற்றி வேறு நெக் மாட்ட ஆகும் செலவைக் கழித்துக்கொண்டு விலை பேசுங்கள்.